வீட்டில் செர்ரி ஜாம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் செர்ரி வந்து குவிந்துவிடும். நான் கிலோக் கணக்கில் வாங்கி ஜாம் போட்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தெரிந்த வீடுகளுக்கும் வேலையிடத்துக்கும் கொடுப்பேன். கொடுத்த மறுநாளே வாட்ஸ்அப்பில் கேள்வி வர ஆரம்பிக்கும், "அக்கா என்னுது தண்ணியா போச்சு", "என்னுது கல்லா போச்சு" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதை எல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கேக் மேல வைக்கிற சிவப்பு செர்ரி இருக்கே, அதுல ஜாம் போடலாமா?

வேண்டாம். அது ஏற்கெனவே சீனிப்பாகில் ஊறி, சாயம் ஏறிய பழம். ஊரில் பேக்கரி பன்னிலும் கேக்கிலும் நாம் சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட அந்தச் சிவப்பு உருண்டை பெரும்பாலும் செர்ரியே கிடையாது, களாக்காயைப் பாகில் போட்டுச் சிவப்பாக்கியது. அதனால்தான் நிஜ செர்ரியை முதல் தடவை சாப்பிடும்போது பலருக்கு "இது என்ன வேற மாதிரி இருக்கே" என்று தோன்றுகிறது. ஜாமுக்குப் பாகில் ஊறாத புதுப் பழம்தான் வேண்டும், அதிலும் கருஞ்சிவப்பாக இருப்பது.

எப்ப வாங்கினா மலிவு? எந்த நாட்டு செர்ரி நல்லா இருக்கும்?

வருஷத்துக்கு இரண்டு பருவம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்கா, கனடா, துருக்கியிலிருந்து வரும். அப்புறம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பழம். பருவத்தின் நடுவில்தான் விலை இறங்கும், ஆரம்பத்தில் ஆசைப்பட்டு வாங்கினால் கை கடிக்கும். நாட்டைவிட நிறம் முக்கியம். பிங் போன்ற கருஞ்சிவப்பு வகை ஜாமுக்கு அருமை. மஞ்சளும் சிவப்பும் கலந்த ரெய்னியர் சாப்பிட நன்றாக இருக்கும், ஜாமில் வெளிறிப்போய் ஒரு மாதிரி ஆகிவிடும், விலையும் அதிகம்.

நன்றாகப் பழுத்ததை மட்டும் பொறுக்காதீர்கள். கால்வாசி கொஞ்சம் கெட்டியாக, இன்னும் முழுசாகப் பழுக்காததாக இருந்தால் ஜாம் இறுகுவதற்கு உதவும். மாலையில் விலை குறைத்து வைக்கும் பெட்டிகளையும் வாங்கலாம், தோல் சுருங்கியிருந்தால் பரவாயில்லை, ஆனால் காம்புப் பக்கம் பூஞ்சை இருந்தால் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

அளவு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்.

செர்ரி 1 கிலோ. கொட்டையும் காம்பும் போனால் ஏறத்தாழ 850லிருந்து 900 கிராம் நிற்கும். வெள்ளைச் சீனி 550 கிராம். எலுமிச்சைச் சாறு 60 மில்லி, பெரிய மஞ்சள் லெமன் என்றால் இரண்டு, சின்னதாக இருந்தால் மூன்று. பச்சை ஆப்பிள் ஒன்று, தோலோடு துருவியது. அவ்வளவுதான். 250 மில்லி போத்தல் மூன்று நிறையும், அன்றைக்கே ரொட்டியில் தடவிப் பார்க்கக் கொஞ்சம் மிஞ்சும்.

மூன்று கிலோவை ஒரே பாத்திரத்தில் போடாதீர்கள். தண்ணீர் வற்ற வெகுநேரம் ஆகும், அதற்குள் நிறம் பழுப்பாகி வாசனையும் போய்விடும். இரண்டு தடவையாகச் செய்தாலும் பரவாயில்லை.

சரி, மத்ததையும் சொல்லிடுங்க!

கொட்டை நீக்கிய பழத்தைப் பாதிப் பாதியாகக் கிழித்து, எலுமிச்சைச் சாறும் ஆப்பிள் துருவலும் சேர்த்து அகலமான, அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் போதும். மிதமான தீயில் கால்மணி நேரம் வேகட்டும், தோல் மெத்தென்று ஆகவேண்டும். அதற்குப் பிறகுதான் சீனி. சீனியை முதலிலேயே கொட்டினால் தோல் விறைத்துக்கொண்டு கடைசிவரை சவ்வு மாதிரி வாயில் மாட்டும். சீனி போட்டதும் தீயைக் குறைத்து, அது முழுசாகக் கரையும்வரை கிளறுங்கள். கரைந்தது உறுதியான பிறகு தீயைக் கூட்டி நன்றாகக் கொதிக்கவிடுங்கள், பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிஷத்துக்குள் பதம் வந்துவிடும். நுரையைக் கடைசியில் ஒரே தடவையாக எடுங்கள், நொடிக்கு ஒருதரம் எடுத்தால் ஜாமும் சேர்ந்து போகும்.

கொதிக்கும் ஜாம் கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு, மேலே தெறித்தால் ஒட்டிக்கொள்ளும். நீளக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறை எவ்வளவு சின்னது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, பிள்ளைகள் அந்த நேரத்தில் பின்னால் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகுது, வேற வழி இருக்கா?

காலியான கிச்சாப் (சோயா சாஸ்) போத்தலைக் கழுவிக்கொள்ளுங்கள், வாய் குறுகலாக இருக்கவேண்டும். காம்பு கிள்ளிய செர்ரியை வாயில் உட்காரவைத்து, சாப்ஸ்டிக்கால் நடுவில் ஒரே குத்து. கொட்டை உள்ளே விழும், பழம் மேலேயே நிற்கும். கை பழகிவிட்டால் ஒரு கிலோ இருபது நிமிஷம். சட்டை பழையதாக இருக்கட்டும், கறை போகாது. முடித்ததும் கொட்டைகளை எண்ண முடியாவிட்டாலும், பழத்தை ஒருதரம் கையால் பிசைந்து பார்த்துவிடுங்கள். தாத்தா பாட்டி சாப்பிடும் வீட்டில் ஒரு கொட்டை தப்பினாலும் பல் போய்விடும்.

எலுமிச்சை எதுக்கு? எனக்குப் புளிப்பு பிடிக்காது, விட்டுடலாமா?

விடாதீர்கள். எனக்கு வரும் புகார்களில் பாதி எலுமிச்சையை விட்டதால் வந்தவை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜாம் இறுகுவதற்கு மூன்று சங்கதி சேரவேண்டும். பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள், சீனி, புளிப்பு. கொய்யாவிலும் ஆப்பிளிலும் பெக்டின் தாராளமாக இருக்கிறது, அவை தானே இறுகும். செர்ரியில் பெக்டினும் குறைவு, இங்கே கிடைக்கும் இனிப்பு வகையில் புளிப்பும் குறைவு. அதனால்தான் பெக்டினுக்கு ஆப்பிள், புளிப்புக்கு எலுமிச்சை. பெக்டின் இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், புளிப்பு சேர்ந்தால்தான் அந்த விலகல் அடங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சீனி என்ன செய்கிறது என்றால் நடுவில் இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

இன்னும் மூன்று வேலையையும் அதே எலுமிச்சை செய்கிறது. செர்ரியின் சிவப்பு புளிப்பில்தான் பளிச்சென்று நிற்கும். சீனி மறுபடி கட்டியாகப் படிவதைத் தடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் பாதுகாப்பு. அமில அளவைச் சொல்லும் பிஹெச் எண் 4.6க்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராது. இனிப்பு செர்ரி சிலசமயம் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும், எலுமிச்சை அதை நன்றாகக் கீழே இறக்கிவிடும். 60 மில்லி போட்டாலும் ஜாமில் எலுமிச்சை ருசி தனியாகத் தெரியாது. செர்ரி ருசிதான் தூக்கலாகத் தெரியும்.

லெமனுக்குப் பதிலா கலமான்சி போடலாமா, வீட்டுல தொட்டியில நிறைய காய்ச்சிருக்கு?

போடலாம், கலமான்சியும் குட்டி எலுமிச்சை மாதிரிப் புளிப்புப் பழம்தான். வாசனை ஆரஞ்சு பக்கம் சாயும், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் போத்தலில் அடைத்து நாள்பட வைக்கப்போகிறீர்கள் என்றால் கடையில் விற்கும் போத்தல் எலுமிச்சைச் சாறே நம்பகம், அதில் புளிப்பின் அளவு ஒரே சீராக இருக்கும்.

பெக்டின் பவுடர் வாங்கணுமா? அதுல மாட்டெலும்பு இருக்குன்னு சொல்றாங்களே?

அது ஜெலட்டின். பெக்டின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது, சைவம்தான். இருந்தாலும் ஒரு பச்சை ஆப்பிள் போதும், எனக்கு இதுவரை பவுடர் தேவைப்பட்டதில்லை. வாங்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை அப்படியே பின்பற்றுங்கள், ஒவ்வொரு வகைக்கும் சீனிக் கணக்கு வேறு. அகர் அகர் போட்டும் சிலர் செய்கிறார்கள், அது நன்றாகவே இறுகும், ஆனால் கடித்தால் அகர் அகராகத்தான் இருக்கும், ரொட்டியில் பரவாது.

பதம் எப்படித் தெரியும்? எங்கம்மா கம்பிப்பதம் பார்க்கச் சொல்றாங்க.

மைசூர்பாகுக்கு அம்மா சொல்வது சரி. ஜாமில் கம்பி இழுக்கும்வரை காத்திருந்தால் ஆறிய பிறகு கரண்டியே இறங்காது. நான் செய்வது இது: அடுப்பை மூட்டும்போதே இரண்டு சின்னப் பீங்கான் தட்டுகளை உறைபெட்டியில் வைத்துவிடுவேன். பதம் வந்தமாதிரி தோன்றினால், குமிழிகள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும், அடுப்பை அணைத்துவிட்டு, தட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் மறுபடி உள்ளே வைக்கவேண்டும். எடுத்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழவேண்டும். விழவில்லை என்றால் மூன்று நிமிஷம் கொதிக்கவைத்து மறுபடி பாருங்கள். சோதிக்கும்போது அடுப்பை அணைப்பது அவசியம், இல்லையென்றால் அந்த நேரத்துக்குள் பதம் தாண்டிப்போகும்.

வெப்பமானி இருந்தால் 104லிருந்து 105 டிகிரி செல்சியஸ். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. இந்த எண் சிங்கப்பூர் மாதிரிக் கடல்மட்ட ஊருக்கு. ஊட்டியில் இருக்கும் அக்காவுக்கு இந்தக் குறிப்பை அனுப்பினால் அங்கே தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும் என்பதை மறக்காதீர்கள், தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலைந்து டிகிரி என்று கணக்கு வைத்துக்கொண்டால் எங்கும் பொருந்தும்.

சீனியைப் பாதியாக் குறைச்சேன், ஆனாலும் அதே இனிப்புதான், ஜாமும் கொஞ்சமாத்தான் வந்துச்சு. ஏன்?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் 105 டிகிரி வரும்வரை விடாமல் கொதிக்கவைத்திருக்கிறார். கொதிநிலை ஏறுவதே சீனியின் அடர்த்தியால்தான். 105 டிகிரிக்கு வந்துவிட்ட ஜாமில், தொடக்கத்தில் எவ்வளவு போட்டிருந்தாலும், மூன்றில் இரண்டு பங்குக்கு ஒட்டி இனிப்புப் பொருள்தான் இருக்கும். சீனி குறைவாகப் போட்டால் அந்த அடர்த்திக்கு வர நிறையத் தண்ணீர் வற்றவேண்டும், அதனால் ஜாம் குறைந்துவிடும்.

நிஜமாகவே இனிப்புக் குறைய வேண்டும் என்றால் 102 டிகிரியில் நிறுத்தி, தளர்வாக இருப்பதை ஏற்றுக்கொண்டு, குளிர்பெட்டியிலேயே வைத்து இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இல்லையென்றால் குறைந்த சீனியிலும் இறுகும் பெக்டின் வகை தனியாக உண்டு, அதை வாங்குங்கள்.

குலா மெலாக்கா, வெல்லம், கருப்பட்டி போட்டா உடம்புக்கு நல்லதுதானே?

சீனிதான் அதுவும், குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லமும் அப்படித்தான். ருசிக்காக 100 கிராம் சீனிக்குப் பதில் குலா மெலாக்கா போட்டுப் பாருங்கள், காபி நிறத்தில் நல்ல ஆழமான ருசி வரும். முழுக்கப் போட்டால் செர்ரி எங்கே என்று தேடவேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு இனிப்பு நீர், கொஞ்சம் கொடுக்கலாமா?

ஒரு மேசைக்கரண்டி ஜாம் 20 கிராம், அதில் ஏறக்குறைய 13 கிராம் சீனி. பழம் இருக்கிறது என்பதற்காக அது குறையாது. அவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்தில் உணவு ஆலோசகரிடமோ கேளுங்கள். ஆசைக்குச் செர்ரிப் பழத்தையே நாலைந்து கொடுப்பது எவ்வளவோ மேல்.

என்னுது தண்ணியா இருக்கு, கொட்டிடவா?

கொட்டாதீர்கள். முதலில் ஒருநாள் பொறுங்கள், ஜாம் முழுசாக இறுக 24 மணி நேரம்கூட ஆகும், சூடாக இருக்கும்போது எல்லா ஜாமும் தண்ணியாகத்தான் தெரியும். மறுநாளும் அப்படியே இருந்தால் பாத்திரத்தில் கொட்டி இன்னொரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து மேலே சொன்ன தட்டுச் சோதனையைச் செய்யுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் அப்படியே பாகாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பத்துக்கும் தயிருக்கும் ஊற்றினால் பிள்ளைகள் தட்டை நக்கும்.

எனக்குக் கல்லா போச்சு. இன்னொரு போத்தல்ல மணல் மாதிரி நறநறங்குது.

கல்லானது பதம் தாண்டியதால். வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஒரு கரண்டி வெந்நீர் விட்டு இளந்தீயில் கிளறுங்கள், இளகிவிடும். மணலாக இருப்பது சீனி கரைவதற்கு முன்பே கொதிக்கவிட்டதால், அல்லது எலுமிச்சை குறைந்ததால். அதையும் எலுமிச்சையோடு மெதுவாகச் சூடுபடுத்தினால் கரையும், நிறம் கொஞ்சம் மங்கும்.

பழமெல்லாம் மேல மிதக்குது, அடியில வெறும் பாகு. என்ன தப்பு?

அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றிவிட்டீர்கள். பத்து நிமிஷம் ஆறவிட்டு ஒருதரம் மெல்லக் கிளறி ஊற்றினால் மிதக்காது.

உறைஞ்ச செர்ரி பாக்கெட்டுல செய்யலாமா?

தாராளமாக. கொட்டை எடுத்தே வரும், பருவம் இல்லாத மார்ச்சிலும் ஏப்ரலிலும் நான் அதில்தான் செய்கிறேன். உருகவைக்காமல் அப்படியே பாத்திரத்தில் போடுங்கள், சாறு வீணாகாது. நிறையத் தண்ணீர் விடும் என்பதால் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றவேண்டாம், ஐந்து பத்து நிமிஷம் அதிகமாகக் கொதிக்கும்.

கொட்டையை உடைச்சு உள்பருப்பைப் போட்டா வாசனையா இருக்கும்னு வீடியோவுல பார்த்தேன்.

செய்யாதீர்கள். வாசனை வருவது உண்மைதான், ஆனால் அந்தப் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, உடைத்தால் அதிலிருந்து சயனைடு உண்டாகும். அதே வாசனைதான் வேண்டுமென்றால் இறக்கியபிறகு பாதாம் எசென்ஸ் இரண்டு சொட்டு விடுங்கள். எங்கள் வீட்டில் அதைவிட ஒரு ஏலக்காயைத் தட்டிப்போடுவதுதான் பிடித்திருக்கிறது.

பாட்டியோட பித்தளை உருளி இருக்கு, அதுல செய்யவா?

எலுமிச்சை 60 மில்லி போகும் பண்டம் இது. ஈயம் பூசாத பித்தளையிலும் வெறும் அலுமினியத்திலும் வேண்டாம், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும், ருசியும் மாறும்.

போத்தலை எப்படிச் சுத்தம் பண்றது? வெளியில வைக்கலாமா இல்ல குளிர்பெட்டியிலா?

கழுவிய கண்ணாடிப் போத்தல்களைப் பெரிய பானையில் முங்கும்படி தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். போத்தலும் சூடு ஜாமும் சூடு என்ற நிலையில்தான் ஊற்றவேண்டும், குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் விரிசல் விடும். விளிம்பில் அரை சென்டிமீட்டர் இடம் விட்டு, வழிந்ததைத் துடைத்து, புது மூடி போடுங்கள். ஊறுகாய் இருந்த பழைய மூடி வேண்டாம், ரப்பர் விளிம்பில் வாசனை ஏறியிருக்கும், சரியாகவும் அடைக்காது. அப்புறம் பானையின் அடியில் ஒரு துணி விரித்து, மூடிய போத்தல்களை மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்து மறுபடி பத்து நிமிஷம் கொதிக்கவிடவேண்டும்.

நம் ஊர் 30 டிகிரியும் ஈரக்காற்றும் எதையும் சும்மா விடாது. அதனால் அடைத்த போத்தலையும் நான் குளிர்பெட்டியில்தான் வைக்கிறேன். திறந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் காய்ந்த சுத்தமான கரண்டி. ரொட்டித்தூள் ஒட்டிய கத்தியை உள்ளே விடுவதுதான் பூஞ்சைக்குப் போடும் பாதை.

மேல மட்டும் கொஞ்சம் பூஞ்சை, அதை வழிச்சு எடுத்துட்டு சாப்பிடலாமா?

முழுப் போத்தலையும் தூக்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேலே இருப்பது மட்டும்தான், சில பூஞ்சைகளின் நஞ்சு அடிவரை இறங்கியிருக்கும். மனசு வலிக்கும், எனக்கும் இரண்டு போத்தல் அப்படிப் போயிருக்கிறது.

ஊருக்குப் போறப்ப கைப்பையில எடுத்துட்டுப் போகலாமா?

சாங்கி விமான நிலையச் சோதனையில் ஜாமும் திரவக் கணக்குத்தான், 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தல் கைப்பையில் போகாது. பெட்டியில் போடுங்கள், முதலில் பிளாஸ்டிக் பை, அப்புறம் துண்டு, நடுவில் புடவைகள்.

வீட்டிலிருந்தே விக்கலாமா, லைசென்ஸ் வேணுமா?

வீவக வீட்டில் சின்ன அளவில் உணவு செய்து விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும், வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது, வாசலில் விளம்பரப் பலகை கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. விற்பதாக இருந்தால் எலுமிச்சை அளவில் கண்திட்டம் வேண்டவே வேண்டாம், தராசும் வெப்பமானியும் வாங்கிவிடுங்கள், செய்த தேதியைப் போத்தலில் ஒட்டுங்கள்.

எங்க புளோக் கீழ ஒரு செர்ரி மரம் இருக்கு, குட்டிக் குட்டியா சிவப்புப் பழம். அதுல செய்யலாமா?

அது மலாய்க்காரர்கள் புவா செரி என்று சொல்லும் மரம், தமிழ்நாட்டில் தேன்பழம், சர்க்கரைப்பழம் என்பார்கள். பேரில்தான் செர்ரி, இதற்கும் அதற்கும் உறவே இல்லை. உள்ளே கொட்டைக்குப் பதில் கடுகைவிடச் சின்ன விதைகள், பஞ்சு மாதிரி இனிப்புச் சதை, புளிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஜாம் ஆகும், ஆனால் எலுமிச்சையும் ஆப்பிளும் மேலே சொன்னதைவிடத் தாராளமாக வேண்டும், பெக்டின் பவுடரே நல்லது. கால் கிலோ சேர்ப்பதற்குள் மைனாக்கள் முந்திக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கவனம், பொது இடத்து மரங்களில் அனுமதி இல்லாமல் பறிக்கக்கூடாது. தோழி ஒருத்தி தன் சொந்தத் தரைவீட்டு மரத்திலிருந்து ஒரு டப்பா கொடுத்தாள், அதில் ஒரே ஒரு சின்னப் போத்தல் போட்டேன். அத்திப்பழ ஜாம் மாதிரி விதை நறுக் நறுக்கென்று கடிபட்டது, அவள் பிள்ளைகள் பசியாற ரொட்டியோடு இரண்டே நாளில் தீர்த்துவிட்டார்கள்.